எளிய சமன்பாடுகள் கற்பித்தல்
தெரியாத ஓர் எண்ணைக் கொண்ட ஒருபடிச் சமன்பாட்டுக்குத் தீர்வு காணச் சிறுவர்களைப் பழக்கும் இயற்கணிதத் தொடக்கப் பாடம். கீழ்வகுப்புகளில் வெற்றுக் கட்டமாக (□ + 4 = 9) இருப்பதே பின்னர் மாறி எனப்படும் எழுத்தாகிறது.

சமக்குறியை 1557இல் ராபர்ட் ரெக்கார்டு அச்சில் அறிமுகப்படுத்தினார். அதை ‘விடை எழுது’ என்னும் கட்டளையாகக் கொள்ளும் மாணவர், 8 + 4 = □ + 5 என்பதில் 7க்குப் பதிலாக 12 என நிரப்புவது பரவலான பிழை. இதைக் களையத் தராசு முறை உதவுகிறது: ஒரு தட்டில் செய்வதை மறுதட்டிலும் செய்தால் சமநிலை குலையாது. 3அ + 5 = 20 எனில், இருபுறமும் 5ஐக் கழிக்க 3அ = 15; 3ஆல் வகுக்க அ = 5. விடையை மூலச் சமன்பாட்டில் பிரதியிட்டுச் சரிபார்ப்பது இறுதிப் படி.

இது புரிந்த பின்னரே, உறுப்பைக் குறிமாற்றி மறுபுறம் கொண்டுசெல்லும் இடமாற்று முறையைக் கற்பிப்பது நலம். குறை எண்கள் வரும்போது தராசுக்குப் பதிலாக எண்கோடு பயன்படுத்தலாம்.