கொம்புமுறி

கிழக்கிலங்கையில் கண்ணகி வழிபாட்டை ஒட்டி நடந்துவந்த இழுவைப் போட்டி. கோவலன் கண்ணகி கதையின் ஒரு காட்சியும் அதுவே. முஸ்லிம் ஊரான ஒலுவிலுக்கு வடக்கே காரைதீவிலும் தெற்கே தம்பிலுவிலிலும் பெயர்பெற்ற கண்ணகி கோயில்கள் உள்ளன. அங்கெல்லாம் வைகாசிச் சடங்கில் கோயில் கதவு திறந்து, கண்ணகி கதைப் பாட்டான வழக்குரையைப் பாடி, அம்மனைக் குளிரச்செய்யும் குளிர்த்தியோடு முடிப்பார்கள். அம்மனின் கோபம் தணியவே கொம்புமுறியும் ஆடப்பட்டது.

இதற்காக ஊர் இரண்டு கட்சியாகும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். எந்தச் சேரி என்பது பரம்பரையாக வருவது, விரும்பி மாற முடியாது. வைரம் பாய்ந்த மரத்தில் முழங்கைபோல் வளைந்த இரண்டு கொம்புகளை வெட்டி, ஒன்றில் ஒன்றைக் கொளுவி, வடத்தால் இறுகக் கட்டுவார்கள். பிறகு இரு பக்கமும் ஆள்சேர்ந்து இழுப்பு. எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். வென்றவர்கள் கொம்பை ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள், தோற்ற சேரியை வசைபாடித் தீர்ப்பார்கள். அந்த வசை சடங்கிலேயே சேர்ந்தது என்பதால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. செண்பகப்பூப் பறிக்கப் போன கோவலனின் கொக்கையும் கண்ணகியின் கொக்கையும் மரத்தில் சிக்கிக்கொள்ள, இருவரும் இழுத்ததுதான் முதல் கொம்புமுறி என்று கதை சொல்வார்கள்.

கூத்தில் கோவலன் சாவான் என்பது முதல் பாட்டுக்கு முன்பே எல்லாருக்கும் தெரியும். கொம்புமுறியிலோ கதை தெரியும், முடிவு தெரியாது. வேடம் கட்டியவர் எவருமில்லை. பார்க்க வந்தவரே பாத்திரம். ஐரோப்பாவிலும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளையாட்டுக்கும் நாடகத்துக்கும் இடையிலான எல்லை கறாராக இல்லை. லண்டனில் 1614இல் திறந்த ஹோப் அரங்கில் மேடையைக் கழற்றிவிட்டால் கரடிச்சண்டை நடக்கும். நாடகாசிரியர் மிடில்டன் 1624இல் ஸ்பெயின் அரசியலைச் சதுரங்கக் காய்களாக்கி நாடகம் போட்டார், ஒன்பது நாள் ஓடியபின் தடை வந்தது. ஆனால் அங்கே காசு கொடுத்தவர் பார்வையாளராகவே வீடு திரும்பினார்.

1660இல் கொட்டியாரக் கரையில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையிருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இதே போட்டியைச் சிங்களவரிடையே கண்டதாக எழுதினார். சிங்களத்தில் இது அங்கெலிய, பத்தினித் தெய்வத்துக்கு உரியது.

ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனைப் பக்கத்து முஸ்லிம்களிடம் கொம்பு இல்லை, பொல்லடி உண்டு. கலியாணத்திலும் சுன்னத்து வைபவத்திலும் ஆண்கள் வட்டமாக நின்று, இரு கையிலும் பொல்லு ஏந்தி, ஆட்டம் பழக்கும் அண்ணாவியாரின் பாட்டுக்கு அடிப்பார்கள். மெல்லத் தொடங்கும் அடி ஏறிக்கொண்டே போகும். ஒருவர் அரைக்கணம் பிந்தினால் பக்கத்தில் நிற்பவரின் விரல்தான் பதில் சொல்லும். தமிழர் ஊர்களின் வசந்தன் கூத்தும் இதற்கு நெருங்கிய உறவுதான். சண்டையின் அசைவு முழுவதும் இரண்டிலும் இருக்கிறது, வெற்றி தோல்வி மட்டும் இல்லை.

வசந்தன் பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் 1940இல் பதிப்பித்தார். இவ்வட்டாரப் பண்பாட்டைச் சொல்லும் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வந்தது. 20ஆம் நூற்றாண்டில் கொம்புமுறி அருகி, சில ஊர்களில் மட்டும் எஞ்சியது. பத்தினி வழிபாடு பற்றிய 1984ஆம் ஆண்டு நூலில் மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர, கொம்பு முறிவதை ஆண்மையிழப்பு அச்சத்தோடு இணைத்து உளப்பகுப்பாய்வு வழியில் விளக்கினார். கூர்மையான விளக்கம்தான். ஆனால் வசைப்பாட்டின் வேகத்தை அது முழுக்க விளக்கிவிடவில்லை. அதற்கு, அடுத்த வளவுக்காரனை ஒரு நாளாவது வாய்விட்டுத் திட்டக் கிடைத்த அனுமதியையும் கணக்கில் எடுக்கவேண்டும்.