பன்னிரண்டு ஆண்டு பிடித்த ஒரு மசோதா

1957 ஏப்ரல் 5ஆம் தேதி ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கேரளத்தின் முதல் அமைச்சரவை பதவியேற்றதைச் சென்ற இதழில் பார்த்தோம். ஆறே நாளில், ஏப்ரல் 11 அன்று, ஓர் அவசரச் சட்டம் வந்தது. மாநிலத்தில் எந்தக் குத்தகைதாரரையும் எந்தக் குடிசைவாசியையும் இனி நிலத்தை விட்டு வெளியேற்றக் கூடாது. நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வெளியேற்ற வழக்குகளும் அப்படியே நிற்க வேண்டும். அந்தச் சட்டத்துக்குப் பொறுப்பான வருவாய்த்துறை அமைச்சருக்கு அப்போது வயது 37. பதினொரு அமைச்சர்களில் அவர் ஒருவர்தான் பெண்: கே.ஆர். கௌரியம்மா.

கேரள அரசியலில் முதலமைச்சர் நாற்காலியில் உட்காராமலேயே முதலமைச்சர்களுக்குச் சமமாகப் பேசப்படுகிறவர் அவர். 1987இல் அந்த நாற்காலி கைநழுவிப் போனதைத்தான் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் எழுதுகிறார்கள். அவருடைய அரசியல் வாழ்வின் நடுத்தூண் அது அல்ல என்பது என் எண்ணம். 1957 டிசம்பரில் அவர் சட்டமன்றத்தில் வைத்த ஒரு மசோதா 1970 ஜனவரி 1ஆம் தேதிதான் முழுமையாக நிலத்தில் இறங்கியது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் ஆட்சி கலைந்தது, கட்சி உடைந்தது, அவருடைய இல்வாழ்க்கையும் உடைந்தது. மசோதாவை மட்டும் அவர் விடவில்லை.

அந்த நாளைய மலையாள மண்ணின் நில ஏற்பாட்டைத் தெரிந்துகொண்டால்தான் அதன் கனம் புரியும். மேலே ஜன்மி, பரம்பரை நில உடைமையாளர். அவருக்குக் கீழே பணம் கட்டி நிலம் பெற்ற காணக்காரர். காணக்காரரிடமிருந்து குத்தகைக்கு எடுத்து உழுகிறவர் வெறும்பாட்டக்காரர். இந்த வரிசைக்கெல்லாம் அடியில் குடிகிடப்புக்காரர். தோப்பின் ஓரத்தில் ஒரு குடிசை போட்டுக்கொள்ள இடம் கொடுப்பார்கள். பதிலுக்கு அவர் தோப்பைக் காக்க வேண்டும், கூப்பிட்டபோதெல்லாம் வேலைக்கு வர வேண்டும். முகம் கோணினால் குடிசை பிய்த்தெறியப்படும். கூலி உயர்த்திக் கேட்ட மறுநாள் குடும்பத்தோடு தெருவுக்கு வந்தவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். குடியிருக்கும் மண் அவருடையதில்லை என்னும்போது, அவர் போடும் ஓட்டும் முழுதாக அவருடையது இல்லை. வெளியேற்றத் தடை முதல் வாரத்திலேயே வந்ததற்கு இதுதான் காரணம். தடை போடாமல் சட்டம் எழுத உட்கார்ந்தால், எழுதி முடிப்பதற்குள் சட்டத்தின் பயனாளிகளையே ஜன்மிகள் காலி செய்துவிடுவார்கள்.

கௌரியம்மாவுக்கு இது யாரோ சொல்லித் தெரிந்த விஷயமல்ல. 1919 ஜூலை 14இல் ஆலப்புழைப் பக்கம் சேர்த்தலையை அடுத்த பட்டணக்காட்டில் பிறந்தவர். கயிறு திரிப்பவர்களும் கள் இறக்குபவர்களும் மீன் பிடிப்பவர்களும் நிறைந்த கடலோரம் அது. குடும்பம் ஓரளவு வசதியானது. மகளை எர்ணாகுளத்துக்கும் பிறகு திருவனந்தபுரம் சட்டக் கல்லூரிக்கும் அனுப்பிப் படிக்க வைத்தது. ஈழவ சமுதாயத்தில் சட்டம் படித்துப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான் என்பார்கள். ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது வயலார். 1946 அக்டோபரில் திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயரின் ஆட்சிக்கு எதிராகத் தொழிலாளிகள் எழுந்த புன்னப்புரா–வயலார் கிளர்ச்சியில், அந்த வயலாரில்தான் ராணுவம் சுட்டது. சுடப்பட்டவர்கள் அவர் அன்றாடம் பார்த்த மனிதர்கள்.

தொழிற்சங்கத்தில் இருந்த அண்ணன் சுகுமாரனும், கட்சியைக் கட்டி எழுப்பிய பி. கிருஷ்ணபிள்ளையும் அவரைப் பொதுவுடைமை இயக்கத்துக்குள் கொண்டுவந்தார்கள். 1948இல் முதல் தேர்தலில் நின்றார், தோற்றார். கட்சி வேட்டையாடப்பட்ட காலம், சிறைக்கும் போனார். காவலில் பட்ட அடிகளைப் பற்றி அவர் பின்னாளில் சொன்னதை மலையாளிகள் இன்னும் மறக்கவில்லை. போலீஸ் லத்திகளுக்குக் கருத்தரிக்க வைக்கும் சக்தி இருந்திருந்தால் தான் எத்தனையோ லத்திக் குழந்தைகளைப் பெற்றிருக்க வேண்டும் என்றார். பொதுவாழ்வில் இருந்த ஒரு பெண் அதை வெளிப்படையாகச் சொன்னதற்குத் தேவைப்பட்ட துணிச்சலை எண்ணிப் பார்க்க வேண்டும். 1952, 1954 தேர்தல்களில் திருவிதாங்கூர்–கொச்சி சட்டமன்றத்துக்குச் சேர்த்தலை மக்கள் அவரை அனுப்பினார்கள்.

இனி மசோதாவுக்கு வருவோம்.

1957 டிசம்பர் 21இல் கேரள விவசாய உறவுகள் மசோதாவை அவையில் முன்வைத்தார் கௌரியம்மா. குத்தகைதாரருக்கு நிலத்தில் நிலையான உரிமை, நியாயமான குத்தகை, உழும் நிலத்தைத் தானே விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை, ஒரு குடும்பம் வைத்திருக்கும் நிலத்துக்கு உச்சவரம்பு. சட்ட அமைச்சராக உடன் இருந்தவர் வி.ஆர். கிருஷ்ணய்யர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, தலச்சேரியில் வக்கீல் தொழில் செய்து, பின்னால் உச்ச நீதிமன்ற நீதிபதியாக நாடறிந்தவர். கேரளம் பிறந்தே ஓராண்டுதான் ஆகியிருந்தது. திருவிதாங்கூருக்கு ஒரு நிலச்சட்டம், கொச்சிக்கு ஒன்று. மலபாரும் காசர்கோடும் அதுவரை சென்னை மாகாணத்தில் இருந்ததால் அங்கே பட்டாதாரரிடம் அரசே நேரடியாக வரி வாங்கும் நம்முடைய ரயத்துவாரி முறை. மூன்று விதமான நில உறவுகளையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவரும் வேலை எளிதல்ல. தெரிவுக் குழு, பொதுக் கருத்து, விதி விதியாக விவாதம் என்று ஒன்றரை ஆண்டு ஓடியது. 1959 ஜூன் 10 அன்று மசோதா நிறைவேறியது.

இரண்டு நாள் கழித்து, ஜூன் 12இல், ஆட்சிக்கு எதிரான 'விமோசன சமரம்' (விடுதலைப் போராட்டம்) தொடங்கியது. கல்வி அமைச்சர் முண்டசேரியின் கல்வி மசோதாவால் கொதித்திருந்த கிறிஸ்தவ சபைகளும், மன்னத்து பத்மநாபனின் நாயர் சர்வீஸ் சொசைட்டியும், காங்கிரஸும் ஓரணியில் நின்றன. அங்கமாலியில் துப்பாக்கிச்சூடு, உயிர்ப்பலி. அரசின் கையிலும் ரத்தம் படிந்தது என்பதை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. ஜூலை 31 அன்று மத்திய அரசு ஆட்சியைக் கலைத்தது. அப்போது நில மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குக் காத்துக் கிடந்தது.

ஒப்புதல் வரவில்லை. 1960இல் மறுபரிசீலனைக்கென்று மசோதா திரும்பி வந்தது. அந்த ஆண்டுத் தேர்தலுக்குப் பின் வந்த பட்டம் தாணுப்பிள்ளை ஆட்சி அதைத் திருத்தி மீண்டும் நிறைவேற்றியது. தன் மசோதாவின் விதிகள் மாறுவதைக் கௌரியம்மா எதிர்க்கட்சி வரிசையிலிருந்து பார்க்க நேர்ந்தது. 1961 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் காசர்கோடு, ஹோஸ்துர்க் தாலுகாக்களைப் பொறுத்தவரை சட்டம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். பழைய சென்னை மாகாணத்து ரயத்துவாரி நிலம், அரசியல் சாசனம் பாதுகாப்புத் தந்த 'எஸ்டேட்' என்ற வகைக்குள் வராது என்பது தீர்ப்பின் அடிப்படை. 1963இல் காங்கிரஸ் ஆட்சி வேறொரு நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. ஓட்டைகள் நிறைந்த சட்டம். இத்தனை ஆண்டுகள் நீண்டதில் பெரிய பண்ணைகள் சும்மா இருந்துவிடவில்லை. உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலமெல்லாம் பாகப்பிரிவினையாகவும் தானமாகவும் விற்பனையாகவும் கைமாறிக்கொண்டே இருந்தது. 1959இலேயே சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தால் நிலமில்லாதவர்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய மிச்சபூமியில் பெரும்பகுதி இப்படித்தான் கரைந்தது. தாமதத்தால் யாருக்கு லாபம் என்று கேட்டால் இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

இதற்கிடையில் அவருடைய வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1957 மே மாதம், அமைச்சரான சில வாரங்களில், சக அமைச்சர் டி.வி. தாமஸை மணந்தார். ஆலப்புழைத் தொழிலாளர்களின் தலைவர் தாமஸ், கிறிஸ்தவர். 1964இல் கட்சி இரண்டாக உடைந்தபோது கணவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியில் நின்றார், மனைவி மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போனார். 1967இல் ஈ.எம்.எஸ்ஸின் இரண்டாவது அமைச்சரவையில் இருவரும் அமைச்சர்கள்: அவர் தொழில், இவர் மறுபடி வருவாய். திருவனந்தபுரத்தில் அடுத்தடுத்த அரசு வீடுகள். கட்சிகளுக்கிடையே பகை முற்ற முற்ற அந்த இரு வீடுகளுக்கிடையேயும் தூரம் கூடியது. குழந்தைகள் இல்லை. தாமஸ் 1977இல் இறந்தார். இருவரில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு எழுத எனக்கு மனமில்லை. இருவருமே கட்சியை வீட்டுக்கு மேல் வைத்தவர்கள்.

அந்த 1967 வருவாய்த்துறைதான் மசோதாவின் மறுபிறப்பு. 1963 சட்டத்தின் ஓட்டைகளை அடைத்து, கௌரியம்மா கொண்டுவந்த திருத்தம் 1969 அக்டோபரில் நிறைவேறியது. அதே மாதம் ஆட்சியும் கவிழ்ந்தது. ஒப்புதல் டிசம்பரில் கிடைக்க, 1970 ஜனவரி 1 அன்று, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் அச்சுத மேனன் தலைமையில் வந்த புதிய ஆட்சி அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மேனனின் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது. எழுதிய சட்டத்தை நடத்திக் காட்டியவர் அவர். ஆனால் 1957இல் நிதியமைச்சராக இருந்த மேனனும் வருவாய் அமைச்சராக இருந்த கௌரியம்மாவும் இப்போது எதிரெதிர் முகாம்களில். மார்க்சிஸ்ட் கட்சியோ அரசு தருவதற்குக் காத்திராமல் குடிகிடப்பு மண்ணைத் தாங்களாகவே வேலி போட்டு எடுத்துக்கொள்ளும்படி ஆலப்புழையில் அறைகூவியது. சட்டமும் போராட்டமும் ஒரே நாளில் கிளம்பின.

அந்த ஜனவரி 1 அன்று குத்தகை நிலங்களின் மேல் ஜன்மிகளுக்கு இருந்த உரிமை அரசிடம் போய்ச் சேர்ந்தது. உழுதவர் நிலத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டுப் பட்டயம் வாங்கிக்கொள்ளலாம். குடிகிடப்புக்காரருக்கு ஊராட்சிப் பகுதியில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து, மாநகராட்சியில் மூன்று. பத்து சென்ட் என்றால் ஒரு வீடு, ஒரு கிணறு, நாலு தென்னை. கூலி கேட்டதற்காகக் குடிசையைப் பிய்க்க இனி யாராலும் முடியாது.

குறைகளும் பெரியவை. தோட்டங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டதால் மலை முழுக்கப் பெருநிலம் கம்பெனிகளிடமே தங்கியது. குத்தகைச் சீட்டு இருந்தவருக்கு வயல் கிடைத்தது. அந்த வயலில் இறங்கி வேலை செய்த தலித் கூலித் தொழிலாளிக்குக் குடிசை மண்ணோடு சரி. இன்றுவரை கேரளத்தில் எழும் நிலப் போராட்டங்களின் வேர் இங்கே இருக்கிறது.

இந்தச் சட்டம் இன்னொரு விதத்திலும் இந்தியா முழுவதற்கும் வரலாறானது. இதை எதிர்த்து 1970இல் உச்ச நீதிமன்றம் போனவர் காசர்கோட்டை அடுத்த எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி. பதின்மூன்று நீதிபதிகள் 68 நாள் கேட்ட அந்த வழக்கில், 1973 ஏப்ரல் 24 அன்று, அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற கோட்பாடு பிறந்தது. சட்டக் கல்லூரிகளில் அந்த வழக்கைப் படிக்காத மாணவர் இல்லை. அதன் அடியில் கிடந்த பத்து சென்ட் குடிசை மண்ணை எத்தனை பேர் நினைக்கிறார்கள் என்று தெரியவில்லை.

பிற்கால அரசியலை வேகமாகக் கடக்கலாம். 1965 முதல் அரூர் அவருடைய தொகுதி. 1977 தோல்வி ஒன்றைத் தவிர 2001 வரை அது அவரைக் கைவிடவில்லை. 1987 தேர்தலில் 'கே.ஆர். கௌரி ஆளட்டும்' என்ற கருத்தில் எழுந்த கோஷம் ஊர் ஊராக முழங்கியது. இடது முன்னணி வென்றது, முதலமைச்சரானவர் ஈ.கே. நாயனார். ஒரு பெண், அதிலும் பின்தங்கிய சமூகத்துப் பெண், அந்த இடத்துக்கு வருவதைக் கட்சி விரும்பவில்லை என்ற பேச்சு அன்றே எழுந்தது. எனக்கும் அந்தப் பேச்சைத் தள்ளிவிட முடியவில்லை. கௌரியம்மா தொழில் அமைச்சரானார். திருவனந்தபுரம் டெக்னோபார்க் உருவான 1990இல் அந்தத் துறை அவரிடம்தான் இருந்தது. கட்சித் தலைமையோடு உரசல் முற்றி 1994 ஜனவரி 1இல் வெளியேற்றப்பட்டார். 74 வயதில் ஜனாதிபத்திய சம்ரக்ஷண சமிதி என்று தனிக் கட்சி தொடங்கி, அதே அரூரில் நின்று தன் பழைய கட்சியைத் தோற்கடித்தார்.

அந்தப் புதிய கட்சியை விடவும் 1996 சட்டமன்ற நிகழ்வு ஒன்றைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். பழங்குடிகளிடமிருந்து பறிபோன நிலத்தை மீட்டுக் கொடுக்க 1975இல் கேரளம் ஒரு சட்டம் இயற்றி, செயல்படுத்தாமலே வைத்திருந்தது. நீதிமன்றம் நெருக்கியபோது, அந்தச் சட்டத்தையே நீர்த்துப்போகச் செய்யும் திருத்தம் அவைக்கு வந்தது. ஆளும் அணி, எதிரணி இரண்டும் கைகோத்தன. 140 பேர் கொண்ட அவையில் எதிர்த்து நின்றவர் கௌரியம்மா ஒருவரே. 1969 சட்டத்தில் விடுபட்டவர்களுக்காக அதன் ஆசிரியரே எழுந்து நின்றதாகத்தான் அதை நான் படிக்கிறேன். அந்தத் திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

2001 முதல் 2006 வரை காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் வேளாண்மை அமைச்சர். ஒருகாலத்தில் தன் ஆட்சியைக் கலைத்த கட்சியோடு அவர் சேர்ந்ததைப் பழைய தோழர்கள் பலர் மன்னிக்கவில்லை. 2006இல் அரூரில் தோற்றார். 2011இல் 91 வயதில், தொடக்க காலத் தொகுதியான சேர்த்தலையில் நின்று மறுபடி தோற்றார். 2021 மே 11 அன்று, 101 வயதில் இறந்த அவருடைய உடலை ஆலப்புழை வலிய சுடுகாட்டில் எரியூட்டினார்கள். கிருஷ்ணபிள்ளையும் டி.வி. தாமஸும் புன்னப்புரா தியாகிகளும் இருக்கும் இடம் அது.

1959 ஜூலையில் தில்லியில் நடந்த ஆலோசனைகளையும், ஆட்சி கலைக்கப்பட்ட கேரளத்தில் அடுத்த தேர்தல் எப்படி நடந்தது என்பதையும் வரும் இதழில் பார்ப்போம்.

(தொடரும்)