பங்காளி வீடும் விடுதியும்

மதுரையில் பழங்காநத்தத்தை அடுத்த பசுமலையின் மேல் இன்று தாஜ் குழும விடுதியாக இருப்பது, ஒரு காலத்தில் நூல் ஆலையின் வெள்ளைக்கார அதிகாரிக்கான பங்களா. கோச்சடையில் ஹெரிடேஜ் மதுரை விடுதியின் பழைய பகுதி, ஆலை அதிகாரிகளின் கிளப்பாக 1970-களின் தொடக்கத்தில் கொழும்புக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது. இவை பிழைத்ததற்கு அழகே காரணம் என்பார்கள். அழகில் இவற்றைவிட நாலு படி மேலான வீடுகள், இங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டரில், செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கின்றனவே! கம்பெனிச் சொத்தைக் கைமாற்ற ஒரு கையெழுத்துப் போதும்; பழைய மாளிகை நிற்பதையும் விழுவதையும் பெரும்பாலும் பத்திரமே தீர்மானிக்கிறது என்பது என் கட்சி.

செட்டிநாட்டு நகரத்தார் வீட்டின் அமைப்பிலேயே இதற்குச் சான்று உண்டு. திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் அந்த நீளம், ஒரு குடும்பத்தின் வசதிக்காக எழுந்ததன்று. வளவைச் சுற்றிய அறைகள், திருமணமான ஒவ்வொரு மகனின் புள்ளிக்கும், அதாவது தனிக் குடும்பத்துக்கும், ஒன்றாகப் பிரிந்தவை. பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சும் வந்தவர் கண்ணை நிறைத்தன. வீட்டுக்குள் ஓடிய கணக்கோ பங்குக் கணக்கு. 1930-களின் மந்தமும் 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பும் விடுதலைக்குப் பின் பர்மா கொண்டுவந்த நில தேசியமயச் சட்டமும் அங்கிருந்து வந்த வருவாயை அறுத்தன. பங்கு மட்டும் தலைமுறைதோறும் பெருகியது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் சிதறிய பங்காளிகள் அத்தனை பேரும் ஒப்பாமல் ஓர் ஓட்டைக்கூட மாற்றுவது கடினம்.

விடுதியானவை எவை என்று பாருங்கள். காரைக்குடி பங்களா, விருந்தினரை உபசரிக்கவென்று தனியே எழுந்த கட்டடம். கானாடுகாத்தான் விசாலம், தந்தை தம் மகளுக்காகக் கட்டியது. இரண்டும் பங்காளி முறைக்கு வெளியே பிறந்தவை. திருமயத்தை அடுத்த கடியாபட்டியின் சிதம்பர விலாஸ் முழு வளவு வீடாயிற்றே என்று கேட்கலாம். கேட்கத் தக்க கேள்விதான். குடும்பம் ஒருமனப்பட்டால் பங்கு முறையைத் தாண்டலாம் என்பதை அது காட்டுகிறது. அந்த ஒருமனம் எத்தனை அரிது என்பதைப் பக்கத்துத் தெருக்கள் காட்டுகின்றன.

இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளைக் கவிழ்த்ததில் 1894-இல் வந்து பின்னர் கடுமையான மரண வரிக்குப் பெரும் பங்கு உண்டு. நம் நாட்டிலும் 1953 முதல் 1985 வரை அப்படியொரு வரி இருந்தது; ஆனால் செட்டிநாடு அதற்கு முன்பே தளர்ந்துவிட்டது. இங்கிலாந்தில் மூத்த மகனுக்கே முழுச் சொத்தும் போகும் வழக்கம் இருந்ததால், வரி கட்ட முடியாதவர் ஒருவராகவே முடிவெடுக்க முடிந்தது. 1895-இல் தோன்றிய நேஷனல் டிரஸ்ட், மாளிகையை ஏற்றுக்கொண்டு குடும்பத்தையும் அதிலேயே குடியிருக்க விட 1937-இல் சட்டம் வழிசெய்தது. ஆஸ்டர் குடும்பம் 1942-இல் அந்த அமைப்புக்குக் கொடுத்த கிளைவ்டன், பின்னர் விடுதியாயிற்று. உடைமை அமைப்பிடமே இருக்கிறது.

முன்னோருக்குப் படைப்பு வைத்த வீட்டில் காசு கொடுத்தவன் படுப்பதா என்ற மனக்குறை வலுவானது. அதை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்க மாட்டேன்: சாமி வீடு விருந்தினர் அறையானால் கட்டடம் மிஞ்சும், வீடு மிஞ்சாது. ஆனால் பூட்டிய வீட்டிலும் படைப்பு நடப்பதில்லை. அதன் கதவும் தூணும் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போய்ச் சேர்கின்றன. பங்காளிகள் தம் பங்கை ஓர் அறக்கட்டளையில் வைத்து, வளவையும் சாமி அறையையும் தம் சடங்குகளுக்கு ஒதுக்கிக்கொண்டு, முகப்பையும் மாடியையும் குத்தகைக்கு விடலாம். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றது பெருமைதான். ஆனால் அந்தப் பட்டியல் எந்தப் பங்காளியின் கையெழுத்தையும் வாங்கித் தராது.