ஃபிரிட்ஜ் வருவதற்கு முன்பு மீந்த சோறு

ஆண்டுதோறும் மாட்டுப் பொங்கலன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் வாலாஜாபாத் வழியாகப் பழையசீவரத்துக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளுகிறார். போக மட்டுமே சுமார் 20 கிலோமீட்டர். பஸ்ஸும் ஓட்டலும் இல்லாத காலத்தில் சுவாமியோடு நடந்து போனவர்கள் கையில் என்ன சாப்பாடு இருந்திருக்கும்? சாம்பார் சாதமென்றால் பாலாற்றங்கரையில் மூட்டையைப் பிரிப்பதற்குள் ஊசிப்போயிருக்கும் அல்லவா?

விடை அதே கோயிலின் மடைப்பள்ளியில் இருக்கிறது. காஞ்சிபுரம் இட்லியின் மாவு முதலில் நன்றாகப் புளிக்கிறது. அதில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி நீண்ட நேரம் ஆவியில் வேகவைக்கிறார்கள். சாதாரண இட்லியைவிட இது அதிக நேரம் தாங்கும். புளியோதரையிலும் ஏறக்குறைய இதே கதைதான். புளியின் அமிலத்தில் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. இதற்காக நம் முன்னோர்கள் நுண்ணுயிரியல் கற்றிருந்தார்கள் என்று மார்தட்டத் தேவையில்லை. கெட்டதைத் தின்று வயிறு கெட்டுப்போய்க் கற்ற பாடமாகத்தான் இருக்க வேண்டும்!

வீடுகளில் மீந்த சோற்றுக்குத் தண்ணீர்தான் வழி. சோற்றில் தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் ஆறும். பிறகு லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதை மெல்லப் புளிக்க வைக்கும். ஆனால் இந்தப் பழையதற்கும் கெடு உண்டு. காலையில் சாப்பிட்டு முடிக்க வேண்டும். மிஞ்சினால் மாட்டின் கழுநீர்த் தொட்டிக்குப் போய்விடும்.

குளிரூட்டி வைப்பது தமிழகத்துக்கு வெகு தாமதமாகத்தான் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்க 1842-ல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். (இன்றைய விவேகானந்தர் இல்லம்தான் அது.) அந்த ஐஸ் வெள்ளைக்காரர்களுக்கும் வசதி படைத்தவர்களுக்கும்தான். இந்திய நிறுவனங்களில் முதலாவதாக கோத்ரெஜ் ஃபிரிட்ஜ் தயாரித்தது 1958-ல். அது நடுத்தரக் குடும்பங்களை எட்ட மேலும் பல ஆண்டுகள் ஆயின.

வெறும் சோற்றின் ஆபத்து என்ன என்பது 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் தெளிவானது. அங்கே சில சீன உணவகங்களில் சாப்பிட்டவர்கள் சில மணி நேரத்திலேயே வாந்தி எடுத்தார்கள். காரணம் ஃபிரைடு ரைஸ். முந்தின நாளே மொத்தமாக அரிசியை வேகவைத்து, ஃபிரிட்ஜில் வைத்தால் கட்டிபிடிக்கும் என்று வெளியிலேயே விட்டு, மறுநாள் வறுத்திருக்கிறார்கள். பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சை மறுபடி சூடாக்கினாலும் அழிக்க முடியாது.

"சுட வைத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று இன்றும் பல வீடுகளில் சொல்கிறார்கள். பழைய சமையலறையில் புளிப்பு இருந்தது, தண்ணீர் இருந்தது, கழுநீர்த் தொட்டியும் இருந்தது. இன்று அவை போய்விட்டன; ஃபிரிட்ஜ் வந்தும் இரவு மீந்த வெண்பொங்கல் மூடிய குக்கரிலேயே விடியும்வரை கிடக்கிறது. அதில் புளிப்பும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில்தான் கிருமிகள் பெருகும். நம் ஊர் இரவு முழுவதும் அதற்குள்தான் அடங்குகிறது. அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் அந்தப் பொங்கலை மறுநாள் காலையில் சாப்பிடலாம்.