கிட்டப்பார்வையும் மைதானமும்

1988ஆம் ஆண்டு ஜனவரியில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்ட் ஆட்டத்தில் மூக்குக்கண்ணாடி அணிந்த 19 வயது இளைஞர் ஒருவர் அறிமுகமானார். நரேந்திர ஹிர்வானி என்ற அந்தச் சுழற்பந்து வீச்சாளர் இன்னிங்ஸுக்கு எட்டாக மொத்தம் 16 விக்கெட்டுகளை 136 ஓட்டங்களுக்கு வீழ்த்தினார். 1990இல் மான்செஸ்டரில் தம் முதல் டெஸ்டை ஆடிய அனில் கும்ப்ளேக்கும் அப்போது வயது 19; அவரும் கண்ணாடியுடனேயே ஆடினார். ஆயினும் நம் பள்ளிகளில் ‘சோடாபுட்டி’ என்று பெயர் வாங்கிய பிள்ளை எல்லைக்கோட்டருகே அமர்ந்து ஸ்கோர் எழுதுவதே வழக்கமாக இருந்தது. கண்ணாடி என்றால் படிப்பு, மைதானம் என்றால் வேறு உலகம் என்ற இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது?

தொடக்கத்தில் அப்படி இருக்கவில்லை. கிட்டப்பார்வை உள்ளவருக்குப் புத்தகம் படிக்கக் கண்ணாடி தேவையில்லை. தொலைவைக் காணத்தான் தேவை. 1518ஐ ஒட்டி ரஃபேல் தீட்டிய ஓவியத்தில் கையில் வில்லையுடன் காணப்படும் போப் பத்தாம் லியோ, வேட்டைப் பிரியர். வேட்டைக்களத்தில் தொலைவைப் பார்க்க அவர் குழிவில்லையைப் பயன்படுத்தினார். அதாவது குழிவில்லை முதலிலேயே வெட்டவெளிக்குரிய பொருளாகத்தான் இருந்திருக்கிறது. இக்குறையில் ஒளி விழித்திரைக்கு முன்பாகவே குவிந்துவிடுகிறது என்பதையும் குழிவில்லை அதை எவ்வாறு சரிசெய்கிறது என்பதையும் 1604இல் கெப்ளர் விளக்கினார்.

‘படிப்பாளியின் நோய்’ என்ற முத்திரை அறிவியலின் துணையோடு அழுத்தமாக விழுந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். பிரெஸ்லாவ் நகரின் கண் மருத்துவர் ஹெர்மன் கோன், 10,060 மாணவர்களின் கண்களைச் சோதித்து 1867இல் முடிவுகளை வெளியிட்டார். கிராமப் பள்ளிகளில் அரிதாயிருந்த கிட்டப்பார்வை, நகர்ப்புற உயர்நிலைப் பள்ளிகளின் மேல் வகுப்புகளில் மலிந்து கிடந்தது. மங்கலான வெளிச்சத்தில் குனிந்து படிப்பதே காரணம் என்று கருதிய அவர், நல்ல மேசைகளும் பெரிய சன்னல்களும் வேண்டும் என்று வலியுறுத்தினார்.

ஒதுக்கலுக்கு முத்திரை மட்டும் காரணமன்று. கண்ணாடி நழுவும், பந்து பட்டால் உடைந்து சில்லுகள் கண்ணில் ஏறும். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் இத்தாலியக் கால்பந்து வீரர் அன்னிபாலே ஃப்ரோஸி தம் கண்ணாடியைத் தலையோடு பட்டையால் பிணைத்துக்கொண்டு ஆடி, ஏழு கோல்கள் அடித்துத் தங்கம் வென்றார். 1961 விம்பிள்டன் மகளிர் இரட்டையர் பட்டத்தை வென்ற இணையில் 17 வயதுப் பெண் ஒருத்தி கண்ணாடி அணிந்திருந்தாள். பின்னாளில் உலகம் பில்லி ஜீன் கிங் என்று அறிந்த அவளுக்குக் கிட்டப்பார்வை மிகக் கடுமையானது.

அதே 1961இன் கிறிஸ்துமஸ் நாட்களில், செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே பிள்ளைகள் விளையாடும் மெர்க்கூர் கட்டுமானப் பொம்மைத் தொகுப்பையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு வீட்டிலேயே ஓர் இயந்திரம் அமைத்து, மென்மையான கான்டாக்ட் லென்ஸ்களை வார்த்தெடுத்தார். 1888இல் அடால்ஃப் ஃபிக் விவரித்த கனத்த கண்ணாடி லென்ஸிலிருந்து அது வெகுதூரம் வந்த பயணம். 1971இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடிகளும் பின்னர் பரவின. கிட்டப்பார்வை உள்ள பிள்ளை பயமின்றி ஆட வழி பிறந்தது.

இந்த வரலாற்றின் எதிர்பாராத திருப்பம் 2008இல் நேர்ந்தது. சிட்னி பள்ளி மாணவர்களை ஆராய்ந்த கேத்ரின் ரோஸ் குழுவினர், வெளியில் அதிக நேரம் கழிக்கும் பிள்ளைகளிடம் கிட்டப்பார்வை குறைவு என்று கண்டனர். உள்ளரங்க விளையாட்டுக்கு இப்பயன் இல்லை. ஓட்டமன்று, பகல் வெளிச்சமே காப்பு என்று அவர்கள் கருதினர். குவாங்சோ நகரின் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிட வெளிப்புற வகுப்பைச் சேர்த்தபோது, மூன்றாண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை அடைந்தோர் 39.5 விழுக்காட்டுக்குப் பதில் 30.4 விழுக்காடாக இருந்தனர். இம்முடிவு 2015இல் வெளியானது. பல தலைமுறைகளாக எந்த இடத்திலிருந்து இப்பிள்ளைகளை விலக்கினோமோ, அந்த இடமே அவர்களுக்கு அரணாக இருந்திருக்கக்கூடும்.

இதையும் மிகைப்படுத்தலாகாது. வெளிச்சம் குறையின் வரவைத் தள்ளிப்போடுகிறது. வந்துவிட்ட குறையை அது போக்கிவிடாது. பதின்வயதில் விழிக்கோளம் இன்னும் நீண்டுகொண்டிருப்பதால் ஆண்டுதோறும் சோதனை வேண்டும். அவ்வளர்ச்சியின் வேகத்தைக் குறைக்கச் செறிவு குறைந்த அட்ரோபின் சொட்டுகள், இரவில் அணியும் லென்ஸ்கள், இதற்கென வடிவமைத்த மென்லென்ஸ்கள் ஆகியவை இன்று மருத்துவர் கையில் உள்ளன. லென்ஸுடன் நீந்தலாகாது என்பதையும், கடுமையான கிட்டப்பார்வை உள்ளவருக்குக் கண்ணில் படும் அடி விழித்திரையையே விலக்கிவிடக்கூடும் என்பதையும் பயிற்சியாளர்களும் அறிந்திருக்க வேண்டும்.

பொதுத்தேர்வு ஆண்டு வந்ததும் நம் பள்ளிகள் பலவற்றில் முதலில் பறிபோவது விளையாட்டு வேளை. அந்த மணியில் கணக்குப் பாடம் நடக்கும். கோன் கேட்ட பெரிய சன்னல்கள் இன்று அநேக வகுப்பறைகளில் இருக்கின்றன. அவற்றின் வழியே தெரியும் மைதானத்துக்குப் பிள்ளைகளை, கண்ணாடி அணிந்தவர்களையும் சேர்த்து, அனுப்புவதுதான் இன்னும் பாக்கியிருக்கிறது.