சார்ந்திருப்பவள்

புளியங்குடியில் ஒரு பெண்ணுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை அமைந்தால், கல்யாணத் தேதியை வீட்டார் குறிக்கிறார்கள். அவள் கணவனோடு சேர்ந்து வாழத் தொடங்கும் தேதியை ஒரு தூதரகம் குறிக்கிறது. விசா வந்துவிட்டதா என்று ஊர் அவளிடம் கேட்கிறது. பதில் அவளிடம் இல்லை. படிவத்தில் அவள் பெயருக்கு நேரே இருக்கும் சொல் ‘சார்ந்திருப்பவர்’. அந்தச் சொல்லின் வரலாற்றில் ஓர் அத்தியாயம் நமக்கு மிக அருகில், இலங்கையில் இருக்கிறது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கும் கொழும்புக் கடைகளுக்கும் போனவர்கள் ஏராளம். தோட்டத்துக்குக் குடும்பமாகப் போனார்கள். கடை வேலைக்குப் போன ஆண்களில் பலர் மனைவியை ஊரில் விட்டுப் போனார்கள். சுதந்திர இலங்கை 1949இல் இயற்றிய இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், விண்ணப்பிக்கும் மணமான ஆணுக்கு ஒரு நிபந்தனை வைத்தது. மணமாகி ஓராண்டு நிறைவதற்குள் அவன் மனைவி இலங்கையில் குடியேறி, அதன்பின் தொடர்ந்து அங்கேயே வசித்திருக்க வேண்டும். வயலையும் வயதானவர்களையும் பார்த்துக்கொண்டு ஊரில் இருந்த பெண், தான் போகாத நாட்டில் கணவனுக்கு எதிரான சாட்சியமாக ஆனாள். அவளை யாரும் விசாரிக்கவில்லை. அவள் அங்கே இல்லை என்பதே போதுமானதாக இருந்தது.

1951 ஆகஸ்ட் கெடுவுக்குள் சேர்ந்த விண்ணப்பங்களில் 8 லட்சத்துக்கும் அதிகமானோர் அடங்கியிருந்தனர். பத்தாண்டுக்கு மேல் நீண்ட விசாரணையில் குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று.

இதே சந்தேகம் பிரிட்டனில் பெண்ணின் உடல்வரை போனது. 1970களில் இந்தியாவிலிருந்து கணவனிடம் செல்லும் மனைவி முன்கூட்டியே நுழைவுச் சான்று பெற வேண்டும். அதற்கான வரிசை மிக நீண்டது. மூன்று மாதத்துக்குள் மணம் முடிக்கப்போகும் பெண்ணுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. 1979 ஜனவரி 24 அன்று, மணம் முடிக்க ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய இந்திய ஆசிரியை ஒருவர், வரிசையைத் தவிர்க்கப் பார்க்கும் மனைவியோ என்று அதிகாரிகள் சந்தேகித்தனர். அவருக்குக் கன்னித்தன்மைச் சோதனை நடத்தப்பட்டது. ‘கார்டியன்’ நாளிதழ் செய்தி வெளியிட்டது, ஆவாஸ் முதலிய ஆசியப் பெண்கள் அமைப்புகள் போராடின, சோதனை தடைசெய்யப்பட்டது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் தூதரகங்கள் உட்பட, குறைந்தது 80 பெண்களுக்கு இது நடந்ததை எவன் ஸ்மித், மரினெல்லா மார்மோ என்னும் ஆய்வாளர்கள் அரசு ஆவணங்களிலிருந்து பின்னர் வெளிக்கொணர்ந்தார்கள். வரிசையை நீளச் செய்தது அரசு. அதைத் தாண்டினாளா என்று சோதிக்கப்பட்டவள் பெண்.

பிரிட்டனில் குடியிருந்த ஆண் மனைவியை அழைத்துக்கொள்ளலாம், பெண்ணுக்குக் கணவனை அழைப்பது கடினம் என்றிருந்த விதியை எதிர்த்து மூன்று பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1985 மே மாதம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதைப் பால் பாகுபாடு என்றது. பிரிட்டிஷ் அரசு கண்ட தீர்வு விசித்திரமானது: பெண்களுக்கு இருந்த கட்டுப்பாட்டை நீக்குவதற்குப் பதிலாக, மனைவியரை அழைக்கும் ஆண்களுக்கும் அதை நீட்டித்தது.

நம் மாணவியர் இன்று அதிகம் அறிந்தது அமெரிக்காவின் எச்-4 விசா. வேலைவழிக் கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. எந்த நாட்டுக்கும் பொதுவாக 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. அதனால் இந்தியர்களின் வரிசை பத்தாண்டுகளைத் தாண்டி நீள்கிறது. எச்-1பி கணவனோடு சென்ற பொறியாளருக்கும் மருத்துவருக்கும் 2015 மே வரை அந்த விசாவில் வேலைசெய்ய அனுமதியே இல்லை. பின்னர் கிடைத்த அனுமதியும், கணவனின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தை எட்டிய மனைவியருக்கு மட்டும். 2019இல் கைரேகைப் பதிவு கட்டாயமானதும் புதுப்பித்தல் மாதக்கணக்கில் தேங்கி, பலர் வேலை இழந்தனர். வழக்குத் தொடுத்த பிறகே, 2021 மே மாதம் அந்த நிபந்தனை நிறுத்திவைக்கப்பட்டது.

பெண்ணே திறன்பெற்ற விண்ணப்பதாரராக இருந்தால் நிலை மாறுமா? 2024 மார்ச் 11 முதல், பராமரிப்புப் பணியாளராகப் புதிதாக பிரிட்டன் சென்றவர்கள் கணவனையோ குழந்தையையோ உடன் அழைத்துச் செல்ல முடியாமல் போனது. அந்த வேலையில் பெரும்பாலோர் பெண்கள். மற்றவர்களின் தாயைப் பராமரிக்கப் போனவள் தன் குழந்தையை விட்டுப் போக வேண்டியிருந்தது.

முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தக் காத்திருப்புக்குக் கார்காலம் என்று ஒரு கெடு உண்டு. பருவம் பொய்த்தால் தலைவி அதைச் சொல்லவும் செய்வாள். விசாவில் கட்டணத்துக்கும் மருத்துவச் சான்றுக்கும் கெடு இருக்கிறது, முடிவுக்கு மட்டும் இல்லை. இந்த இருத்தலை மனைவியின் பொறுமை என்று புகழ்வதை நாம் நிறுத்த வேண்டும். கடந்துபோவது அவளுடைய படிப்பும் சம்பளமும் பிள்ளை பெறும் வயதும். இதுவரை மாறிய விதிகளில் சில, பெண்கள் கூடிக் கணக்குக் கேட்டதால் மாறியவை.