மால்பு: பாறை ஏறும் கலையின் பழைய பாடம்

பாறை ஏறுதல் என்றதும், அது மேலைநாட்டார் கண்ட பொழுதுபோக்கு என்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர். தோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டு 2021இல் நடைபெற்றபோது, ஏறுதல் முதன்முறையாகப் பதக்கப் போட்டியாயிற்று. அதனைக் கண்ட மாணவர்க்கு, 'இக்கலைக்குத் தமிழில் ஒரு சொல்லேனும் உண்டா?' என்னும் ஐயம் எழுதல் இயல்பே. சொல்லும் உண்டு, அச்சொல்லோடு வந்த பாடமும் உண்டு. மால்பு என்பதே அச்சொல். அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

தேனும் ஏணியும்

மால்பு என்பதற்குக் கண்ணேணி என்று உரையாசிரியர் பொருள் கூறுவர். கணுக்களில் கிளைமுனைகளைச் சிறிதளவு விட்டு நறுக்கிய ஒற்றை மூங்கிலே கண்ணேணி. அம்முனைகளில் கால்விரலை ஊன்றி ஏறுவர். குறிஞ்சி நிலத்தார்க்கு இஃது இன்றியமையாத கருவி. மலைத்தேனீ தன் அடையை உயர்ந்த மரக்கிளையில் மட்டுமன்றிச் செங்குத்தான பாறையின் நெற்றியிலும் தொங்கவிடும் அன்றோ?

பாரியின் பறம்புமலை, உழவர் உழாமலே தரும் பயன்கள் நான்கு என்று கபிலர் புறநானூற்றில் எண்ணிக் காட்டுகிறார். அவற்றுள் தேனும் ஒன்று. மற்றொரு பாட்டில் அவரே பாரியின் மலையை மால்பு உடைய மலையாகக் குறிக்கிறார். அருவியைப் போலவே ஏணியும் அம்மலைக்கு ஓர் அடையாளமாக இருந்தது என்பது இதனால் பெறப்படும்.

மலைபடுகடாம் இன்னும் விரிவாகப் பேசுகிறது. 583 அடிகளைக் கொண்ட இந்நூல், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுவது. குரங்கும் ஏறமாட்டாத நெடும்பாறையில் நிலையாகச் சார்த்திய மால்பையே வழியாகக் கொண்டு தேன் எடுத்தவர்களின் ஆரவாரம் அதில் கேட்கிறது. 'மால்பே வழி' என்னும் கருத்து ஊன்றி நோக்கத்தக்கது. இன்று ஏறுவோர் பாறையில் துளையிட்டு, இரும்பு ஆணிகளை வரிசையாகப் பதித்து, அவ்வரிசையை ஒரு பாதை என்று பெயரிட்டு வழங்குகின்றனர். அப்பாதையை மால்பு எனலாம்.

அந்நூல் ஏறுவோர்க்கும் இறங்குவோர்க்கும் எச்சரிக்கையும் தருகிறது. விழுந்தவரை மறைத்துவிடும் ஆழ்ந்த மடுக்கள் உண்டு. பாசி மூடிய இடங்களில் கால் வழுக்கும். அங்கே மூங்கிற்கோலையும் கொறுக்கந்தட்டையையும் பற்றிச் செல்லுங்கள். ஒருவரை ஒருவர் காத்துச் செல்லுங்கள் என்பது அதன் அறிவுரை. இன்று சிறுபாறைகளில் கயிறின்றி ஏறுவோர் கீழே மெத்தை விரிப்பர். தோழர் இருவர் கைகளை உயர்த்தி நின்று, விழுபவரை அம்மெத்தையின்மேல் திருப்புவர். உயர்ந்த பாறையிலோ, ஒருவர் ஏற மற்றவர் கீழ்நின்று கயிறு பிடிப்பர். கருவிகள் மாறின; காவல் முறை மாறவில்லை.

கூழாங்கற் பாறை

பாறைகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. நம் நெகிரி செம்பிலான் மலைகள் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனவை, பத்துமலை சுண்ணாம்புக்கல். பழைய ஆறுகள் கொணர்ந்த கூழாங்கற்கள் மணலோடு சேர்ந்து இறுகிய திரள்பாறை என மூன்றாவது வகையும் உண்டு. அதன் முகத்தில் கற்கள் புடைத்து நிற்கும். அவை கைக்கும் காலுக்கும் நல்ல பிடியாகும். ஆனால் எந்தக் கல் பெயர்ந்து கையோடு வரும் என்று முன்னரே தட்டிப் பார்த்தல் வேண்டும்.

கிரேக்க நாட்டு மெத்தேயோரா இத்தகைய பாறைக்குப் புகழ்பெற்ற இடம். 14ஆம் நூற்றாண்டில் கிறித்தவத் துறவியர் அப்பாறைத் தூண்களின் உச்சியில் மடங்களை அமைத்தனர். மடித்தெடுக்கும் ஏணிகளும் கயிற்றில் இழுக்கும் வலைகளுமே ஏறுவழி. 'இக்கயிற்றை எப்போது மாற்றுவீர்?' என்று கேட்ட வழிப்போக்கனுக்கு, 'இறைவன் அதனை அறுந்துபோக விடும்போது' என்று துறவியர் விடை கூறினர் என்பது கதை. 1920களில் பாறையில் படிகள் வெட்டப்பட்டன. 1970களில் செருமானிய வீரர்கள் அங்கே புதிய ஏறுவழிகளை அமைத்தனர்.

முதிய மால்பு

அக்கயிற்றுக் கதையின் பொருளைக் குறுந்தொகை 273ஆம் பாட்டு முன்னரே கூறிவிட்டது. தலைவன் பிரிவானோ என்று அஞ்சும் தலைவியைத் தோழி தேற்றுகிறாள். அங்கே ஓர் உவமை வருகிறது: பெருந்தேன் தொங்கும் மலையில், பழைய மால்பின் தன்மையை அறியாமல் அதில் ஏறிய அறிவிலி. அவன் குறை வலிமையின்மை அன்று, துணிவின்மையும் அன்று. தன்னைத் தாங்குவது எத்துணைப் பழையது என்று அவன் ஆராயவில்லை. மூங்கில் வெயிலிலும் மழையிலும் உளுத்துப்போகும். மேற்புறம் மட்டும் பச்சை மாறாதது போலத் தோன்றும்.

இவ்வுவமை இன்றும் உயிருடையது. தாய்லாந்தின் கிராபிக் கடற்கரையில் சுண்ணாம்புப் பாறைகளில் பதித்த துருப்பிடிக்கா எஃகு ஆணிகள், கடற்காற்றும் ஈரமும் சேர்ந்து அரித்தமையால் சில ஆண்டுகளிலேயே வெடித்தன. வெளியே பளபளப்பு, உள்ளே விரிசல்! ஆகவே தைத்தேனிய ஆணிகளைப் பதிக்கலாயினர். முதிய மால்பு உலோகத்திலும் உண்டு என்பதை அவர்கள் அறிந்துகொண்டனர்.

நம் நாட்டிலும் இதனைக் காணலாம். தம்புசாமிப் பிள்ளை முருகன் திருவுருவை நிறுவிய பத்துமலையில், 1920இல் மரப்படிகள் அமைந்தன. அவற்றின் இடத்தில் 1940இல் 272 கற்காரைப் படிகள் எழுந்தன. அதே குன்றின் வேறு பக்கங்களில் இன்று இளைஞர் கயிறு கட்டி ஏறுகின்றனர். எம் கோலா பிலாவுக்கு அண்மையில், ரெம்பாவ் வட்டாரத்துக் குனோங் டத்தோவின் உச்சியில் பெருங்கற்கள் அடுக்கி நிற்கின்றன. அவற்றின்மேல் செல்ல இரும்பு ஏணிகள் சார்த்தப்பட்டுள்ளன. காட்டு ஈரத்தில் நிற்கும் அவ்வேணிகளைத் தமிழாசிரியர் ஒருவர் காண்பாராயின், அவர்க்கு உடனே நினைவில் எழவேண்டிய சொல் மால்பு.

விடுமுறையில் மலையேறச் செல்லும் மாணவர் தொகை பெருகிவருகிறது. அவர்க்குக் குறுந்தொகையைக் கற்பிக்கும் நாம், மால்பு என்பதற்கு 'ஏணி' என்று பொருளெழுதி அமைந்துவிடலாகாது. அப்புலவர் ஏன் 'முதிய' என்னும் அடையைச் சேர்த்தார் என்று வினவுதல் வேண்டும். பிடிக்கும் முன் தட்டிப் பார்த்தலும், ஏறும் முன் ஏணியின் அகவையைக் கேட்டலும், உடன் வருபவரைக் காத்தலும் அவ்வினாவின் விடையில் அடங்கும். இலக்கிய வகுப்பில் பெற்ற அவ்விடை, மலையில் ஒரு பிள்ளையின் உயிரைக் காக்கவும் கூடும்.